கிணற்று முறையில் ஒரு கலர் டிவி

1. ஓட்டை ஒன்று, ஒயர் மூன்று

நான் போய் இறங்கியபோது அந்த வீட்டு வாசலில் ஒரு லோடு செங்கல் அடுக்கியிருந்தது. ஏதோ கட்டடம் கட்டுகிறார்கள், வேலைக்காரர்களோடு சேர்த்து நமக்கும் நல்ல சாப்பாடு கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் செங்கல் எதற்கு வந்தது என்று தெரிந்திருந்தால் வந்த பஸ்ஸிலேயே காஞ்சிபுரம் திரும்பியிருப்பேன்.

கலர் டிவி கிராமங்களுக்குள் நுழைந்த புதிது. காஞ்சிபுரத்தில் ஒரு ரேடியோ, டிவி சர்வீஸ் கடையில் எனக்கு வேலை. தனியாக வெளியூர் கேஸுக்கு என்னை அனுப்பியது அதுதான் முதல் தடவை. முதலாளி டூல் பையைக் கையில் கொடுத்துச் சொன்னார்: "உத்திரமேரூர் தாண்டி ரெண்டு அண்ணன் தம்பி வூடு. டிவி பின்னால ஆன்டெனா சாக்கெட்டு புட்டுக்கிச்சாம். போனியா, மாத்துனியான்னு வந்துகினே இரு. அவங்க வூட்டு விஷயத்துல மூக்க நுழைக்காத."

ஊர்ப் பெயரைச் சொன்னால் ஆள் யாரென்று தெரிந்துவிடும், அதனால் விட்டுவிடுகிறேன். அண்ணன் பெயர் கோதண்டம். தம்பி மாசிலாமணி. ஒன்றாகப் பயிர் வைத்து ஒன்றாக உலை வைத்தவர்கள் பாகம் பிரிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. சண்டைக்குக் காரணம் அண்ணன் ஒன்று சொன்னார், தம்பி ஒன்று சொன்னார், பஸ் ஸ்டாப்பில் டீக்கடைக்காரர் மூன்றாவதாக ஒன்று சொன்னார். நிலம் பிரிந்தது, மாடு பிரிந்தது, வீடும் ஆளுக்குப் பாதி. நடுவில் இருந்த கூடம் மட்டும் இன்னும் பொது. அதற்கும் தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருந்தார்கள். கோட்டின் மேல் ஒரு ஸ்டூல். ஸ்டூலின் மேல் டிவி.

டிவியை மட்டும் பிரிக்க முடியவில்லை. சேர்ந்திருந்தபோது வேர்க்கடலை மூட்டையை விற்று வாங்கியது. ஆனால் டிவியோடு சேர்ந்த சாமான்களைப் பிரித்துவிட்டார்கள். ஆன்டெனா கம்பம் தம்பி பக்கத்து மாடியில் நின்றது, அதனால் அது தம்பிக்கு. வி.சி.ஆர். அண்ணன் மகன் கஜேந்திரன் குவைத்திலிருந்து அனுப்பியது, அது அண்ணனுக்கு. அதே கஜேந்திரன், குடும்பம் ஒன்றாக இருந்தபோது லீவில் வந்தவன், சித்தப்பா மகள்களுக்கு ஒரு வீடியோ கேம் கொண்டுவந்து கொடுத்திருந்தான். அது தம்பிக்கு.

ஆக சாமான் மூன்று. டிவியின் முதுகில் ஒயர் செருகும் ஓட்டை ஒன்றே ஒன்று. அந்தக் காலத்து டிவிக்கு அவ்வளவுதான். யாருக்குப் பார்க்கவேண்டுமோ அவர் மற்றவர் ஒயரைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தன் ஒயரைச் செருகினார். எட்டு மாதம் தாங்கிய சாக்கெட் அந்த வாரம் கையோடு வந்துவிட்டது.

நான் டூல் பையைக் கோட்டுக்கு அண்ணன் பக்கம் வைத்தேன். தம்பி மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். தம்பி பக்கம் எடுத்து வைத்தேன். அண்ணன் செருமினார். கடைசியில் பையை மடியில் வைத்துக்கொண்டு, கோட்டுக்கு இருபுறமும் ஒவ்வொரு காலைப் போட்டு உட்கார்ந்தேன். இரண்டு வீட்டிலிருந்தும் காப்பி வந்தது. இரண்டையும் குடிக்கவேண்டியிருந்தது, அதுவும் எதை முதலில் குடிக்கிறேன் என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மெக்கானிக்கு, ஒயர பிடுங்கினது யாருன்னு கேளு" என்றார் அண்ணன்.

"நான் பிடுங்கல, கழட்டினேன்னு சொல்லு" என்றார் தம்பி.

இருவருக்கும் நடுவே நாலடி தூரம் இருக்கும். எட்டு மாதமாக அவர்கள் பேசிக்கொண்டது இப்படித்தான், வந்து போகிறவர்கள் வழியாக. யாரும் வராத நாளில் மாட்டிடம் சொல்லுவார்களாம்.

2. இரும்புப் பெட்டி

சாக்கெட்டை மாற்றிவிட்டேன். கிளம்பலாம் என்று எழுந்தபோது வரதப்பன் வந்தார். ஊரில் ரைஸ்மில் வைத்திருந்தவர். பாகம் பிரித்து வைத்தவரும் அவர்தான்.

"குந்துப்பா. சாக்கெட்ட மாத்திட்டா ஆச்சா? நாளைக்கே மறுபடி புட்டுக்கும். ஒருத்தர் ஒயர ஒருத்தர் தொடக் கூடாது, மூணும் ஓடணும். அத்த மாதிரி பண்ணிக் குடு. ஞாயித்துக்கெயமை படம் சண்டை இல்லாம முடிஞ்சா சரி. இல்லன்னா டிவிய வித்துட்டு, அந்தக் கோட்டு மேல செவுரு எழுப்பிட வேண்டியதுதான். தெனம் தெனம் என்னால இந்தப் பேஜாரு பட முடியாது. திங்கக்கெயமைக்கு மேஸ்திரிகிட்ட சொல்லியாச்சு."

வாசல் செங்கல் எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. அண்ணன் தம்பி இருவரும் தரையைப் பார்த்தார்கள். சுவர் வேண்டும் என்று இரண்டு பேர் முகத்திலும் இல்லை. வேண்டாம் என்று முதலில் வாய் திறக்கவும் இரண்டு பேரும் தயாராக இல்லை. வந்தது ஒரு சாக்கெட் மாற்ற. இப்போது ஒரு வீட்டுக்கு நடுவே சுவர் வருமா வராதா என்பது என் சால்டரிங் அயர்னில் இருந்தது.

"சின்னதா ஒரு செலக்டர் ஸ்விட்ச்சு போட்டா போதுங்க" என்றேன்.

வரதப்பன் கையை ஆட்டினார். "கெணத்துக்கு எப்டி பண்ணினோம் தெரியுமா?"

கிணறு அவர்களுக்குப் பொது. கரண்ட் லைன் ஒன்று, மோட்டார் இரண்டு. நடுவே சேஞ்ச் ஓவர் என்கிற இரும்புப் பெட்டி. அதன் பக்கவாட்டுக் கைப்பிடியை மேலே தள்ளினால் அண்ணன் மோட்டார், கீழே தள்ளினால் தம்பி மோட்டார். ஆளுக்கு ஒரு நாள் முறை. எட்டு மாதத்தில் கிணற்றடியில் ஒரு சண்டை வரவில்லையாம்.

"அதே பொட்டி ஒண்ணு என் மில்லுல சும்மா கீது. அத்தையே மாட்டு."

"ஐயா, அது மோட்டாருக்கு. டிவிக்கு ஆவாதுங்க."

"அஞ்சு எச்.பி. மோட்டாரையே தாங்குது. இத்தத் தாங்காதா?"

அண்ணன் ஆமோதித்தார். "சின்ன ஸ்விட்ச்சுன்னா யாரு எப்ப தள்னாங்கன்னே தெரியாது. அதுன்னா டமார்னு வூடு பூரா கேக்கும்." தம்பியும் தலையாட்டினார். எட்டு மாதத்தில் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அது. நான் மில்லிலிருந்து பெட்டியை எடுத்துவரச் சொன்னேன்.

இன்னொரு நிபந்தனையும் போட்டார்கள். டிவியில் சேனல் பட்டனை யாரும் தொடக் கூடாது. பட்டனைத் தொட்டால் அதுவே ஒரு கேஸாகும். எனவே மெட்ராஸ் ஸ்டேஷன் எந்தச் சேனலில் வருகிறதோ அதே சேனலுக்கு வி.சி.ஆரையும் கேமையும் திருப்பி வைத்தேன். ஒரு டிவி, ஒரு பட்டன். கைப்பிடி மேலே இருந்தால் வி.சி.ஆர்., கீழே இருந்தால் ஆன்டெனாவும் கேமும். மாலை ஆறு மணிக்கு ரைஸ்மில் சங்கு ஊதும் வரை அண்ணன் முறை. சங்கு ஊதினால் கைப்பிடி கீழே. அதன் பிறகு தம்பி முறை.

பதினொரு மணிக்கு டெஸ்ட் செய்தேன். கைப்பிடியை மேலே தள்ளினேன், டமார். கேசட் படம் பளிச்சென்று வந்தது. கீழே தள்ளினேன், டமார். வீடியோ கேமின் வெள்ளைப் பந்து டிக் டிக்கென்று சுவரில் மோதி ஓடியது. எல்லோருக்கும் சந்தோஷம். இரண்டு வீட்டிலிருந்தும் ஆளுக்கு ஒரு பை வேர்க்கடலை கொடுத்தார்கள்.

மெட்ராஸ் ஸ்டேஷன் அப்போதெல்லாம் சாயங்காலம்தான் ஆரம்பிக்கும். ஆன்டெனாவில் ஒன்றும் வராத நேரத்தில் ஆன்டெனா கனெக்‌ஷனை டெஸ்ட் செய்து ஓகே சொன்ன மெக்கானிக் அந்த ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

3. கம்ப்ளைன்ட்

சனிக்கிழமை காலை கடை திறக்கும்போதே மாசிலாமணி வாசலில் நின்றார். நாஷ்டா கூடச் சாப்பிடாமல் முதல் பஸ்ஸில் வந்திருந்தார். முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஜாப் கார்டை என் முன்னால் தள்ளினார்.

"இன்னா கம்ப்ளைன்ட்டு?" என்றேன்.

"படம் சரியா வர்ல. நேத்து வெள்ளிக்கெயமை இல்ல? சினிமாப் பாட்டு. ஒரு பொம்பள பாடிகினு கீறா. அவ மூஞ்சி மேல எங்க கஜேந்திரன் வர்றான்."

"யாரு?"

"எங்க அண்ணன் புள்ள. குவைத்துலருந்து கேசட்டு அனுப்பிக்கீறான். கூட வேல செய்றவன் கேமரா வாங்கினானாம், அதுல புடிச்சது. அது நெழலாட்டம் ஓடுது."

"நிழல் எப்படி ஓடுது? நிக்குதா, நகருதா?"

"நகருது. இந்தப் பக்கமா வந்து அந்தப் பக்கமா போறான். வெங்காயம் நறுக்கிகினு கீறான். அப்புறம் ரூமு பூரா சுத்திக் காட்டறான். கட்டிலு இத்துனூண்டு, அவன் ஒசரத்துக்குக் காலு வெளியதான் நீட்டிக்கினு கெடக்கும். கண்ணாடி போட்டுக்கினு கீறான், முன்ன கெடையாது. இளைச்சிட்டான். வாயத் தொறந்து ஏதோ பேசறான், ஆனா அந்தப் பொம்பள கொரல்தான் வருது. செய்தி வந்தப்ப அவன்தான் மழை சொல்ற மாதிரி கீது."

"மெட்ராஸ் படம் தெரியுதா?"

"அத்த யாரு பாத்தா?"

நான் ஜாப் கார்டில் எழுதினேன்: நிழல் விழுகிறது. சவுண்ட் மாற்றம். அவ்வளவுதான் எனக்குப் பட்டது. அந்தப் பையனை உத்திரமேரூர் ஸ்கூலுக்குத் தினம் சைக்கிளில் வைத்து மிதித்தவர் இந்தச் சித்தப்பாதான் என்று பிறகு கேள்விப்பட்டேன். அது அன்றைக்கே தெரிந்திருந்தாலும் எனக்குப் புரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான். அப்போது எனக்கு வயது இருபத்துமூன்று. ஒயரைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது.

அவர் போனதும் முதலாளி பிடித்துக்கொண்டார்.

"மோட்டார் பொட்டியில சிக்னல் ஒயர கட்டினியா?"

"அவங்கதான் சார்..."

"ரெண்டும் ஒரே சேனலு?"

"ஆமா சார்."

"மூணு பேஸ் கரண்ட்ட நிறுத்த பொட்டிக்குள்ள கீற அந்த ஒரு இஞ்சு கேப்பு போதும். டிவி சிக்னலு அத்த மதிக்குமா? அந்தாண்ட வீடியோ ஓடினா இந்தாண்ட ஒழுகாம இன்னா பண்ணும்? நாளைக்குப் படம் ஆரம்பிக்கறதுக்குள்ள சரி பண்ணு. ஒழுகிச்சின்னா நீ அங்கியே ஏர் ஓட்டிகினு இரு, கடைப்பக்கம் வராத."

4. ஒழுகாத கனெக்‌ஷன்

ஞாயிறு காலை பஸ்ஸில் போகும்போது எனக்கு ஒரு யோசனை உதித்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் என் முதுகை நானே தட்டிக்கொள்வேன். இரும்புப் பெட்டி கரண்ட்டுக்காகச் செய்தது, அதில் கரண்ட்டையே விட்டால் என்ன? சிக்னல் ஒயர்களையெல்லாம் ஒரு சின்ன காம்பைனரில் நிரந்தரமாகச் சேர்த்து டிவிக்குக் கொடுத்துவிட்டேன். கைப்பிடி மேலே இருந்தால் வி.சி.ஆருக்கு மட்டும் கரண்ட். கீழே இருந்தால் ஆன்டெனா சிக்னலைப் பெருக்கும் பூஸ்டருக்கும் கேமுக்கும் மட்டும் கரண்ட். ஒன்று உயிரோடு இருக்கும்போது மற்றது செத்துக் கிடக்கும். செத்தது எங்கிருந்து ஒழுகும்? மெட்ராஸிலிருந்து அத்தனை தூரத்தில் பூஸ்டர் இல்லாவிட்டால் ஆன்டெனா வெறும் கம்பிதான்.

வி.சி.ஆரின் பவர் ஒயரை மாற்றிப் போட அண்ணன் பக்கத்து அறைக்குப் போனேன். அண்ணன் மனைவி காசியம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிமே சின்னவரு நேரத்துல நம்ம கேசட்டு அந்தாண்ட தெரியாதா தம்பி?"

"துளி கூடத் தெரியாதும்மா" என்றேன் பெருமையாக.

அவர் முகம் வாடிவிட்டது. வாசல் பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "மொத நாளு நான் நிறுத்த மறந்துட்டேன். கூடத்துல சத்தமே இல்ல. எட்டிப் பாத்தா சின்னவரு டிவிகிட்ட போய் குந்திகினு கீறாரு, மூக்கு இடிக்கிற மாதிரி. அதுலருந்து நான் நிறுத்தறதே இல்ல. ஓடட்டும்னு வுட்டுட்டேன்."

"பெரியவருக்குத் தெரிஞ்சா?"

"கேசட்டு முடிஞ்சா அவுருதான் எழுந்து வந்து மறுபடி சுத்தி வுடறாரு."

ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தேன். "இத்த நேரா சொல்லிடலாமேம்மா? வா, வந்து பாருன்னு."

"யாரு மொதல்ல சொல்றது?" என்றார் அவர், நான் ஏதோ சின்னப்பிள்ளை மாதிரிக் கேட்டுவிட்டதாக.

நான் தர்மசங்கடத்தில் மாட்டிக்கொண்டேன். ஒழுக்கை விட்டுவைத்தால் ஞாயிற்றுக்கிழமைப் படம் கெடும், ஊர் கூடிப் பார்க்கிற படம், வரதப்பன் சுவர் எழுப்பிவிடுவார். ஒழுக்கை அடைத்தால் பையன் போய்விடுவான். யோசித்துப் பார்த்தேன், வழி தெரியவில்லை. சுவரை விட நிழல் போவது தேவலை என்று ஸ்க்ரூவை முடுக்கினேன். அந்த ஸ்க்ரூவை முடுக்கும்போது எனக்கு மனசே இல்லை.

5. படம்

ஆறு மணிக்குள் கூடம் நிறைந்துவிட்டது. கோட்டுக்கு இந்தப் பக்கம் அண்ணனுக்கு வேண்டியவர்கள், அந்தப் பக்கம் தம்பிக்கு வேண்டியவர்கள். இரண்டு பக்கமும் இடம் கிடைக்காதவர்கள் ஜன்னலில் தொங்கினார்கள். வரதப்பனுக்கு மட்டும் கோட்டின் மேல் நாற்காலி. சங்கு ஊதியது. அவரே எழுந்து கைப்பிடியைக் கீழே தள்ளினார். டமார்.

படம் வந்தது. அப்படி ஒரு தெளிவை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை. நிழல் இல்லை, கோடு இல்லை, கரகரப்பு இல்லை. வரதப்பன் என்னைப் பார்த்து மீசையைத் தடவினார். சுவர் வராது, எனக்கும் வேலை போகாது என்று நிம்மதியாக மூச்சு விட்டேன்.

மாசிலாமணி வழக்கம்போல டிவிக்குப் பக்கத்தில் எல்லோரையும் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் பாட்டு முடிந்தது. அவர் திரும்பி என்னைத் தேடினார்.

"மெக்கானிக்கு, ஒண்ணும் வர்லயே?"

"படம் வருதுங்களே."

"அது வருது" என்றார்.

இரண்டாவது பாட்டு ஆரம்பித்தது. கதாநாயகி மரத்தைச் சுற்றிப் பாதி வந்திருப்பாள். மாசிலாமணி எழுந்தார், பெட்டியிடம் போனார், கைப்பிடியை மேலே தள்ளினார்.

டமார்.

திரையில் வெறும் புள்ளி இரைந்தது. கூடமே கத்தியது. "யோவ், இன்னாய்யா பண்ற!" என்று ஜன்னலில் தொங்கியவர்கள்தான் அதிகம் கத்தினார்கள். வரதப்பன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "மாசிலாமணி! சண்டை இல்லாம முடியணும்னுதானே சொன்னேன்?"

அந்தச் சத்தத்துக்கு நடுவே அண்ணன் குரல் கேட்டது.

"டேய், இது உன் முறைடா."

என்னிடம் சொல்லவில்லை. மாட்டிடம் சொல்லவில்லை. தம்பியைப் பார்த்தே சொன்னார். கூடம் அடங்கிவிட்டது.

தம்பி திரும்பவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடியே சொன்னார்: "என் முறைதான். என் முறையில நான் இன்னா வேணா பாப்பேன். நீ போய் கேசட்ட போடு."

கோதண்டம் எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. மனைவியைப் பார்த்தார். அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போனார். பட்டன் அமுங்கும் சத்தம் கூடம் வரை கேட்டது.

கஜேந்திரன் வந்தான். முழு உருவமாக, கலரில், குரலோடு. வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேமராவைப் பார்த்துச் சிரித்தான். பாகம் பிரிந்ததை யாரும் அவனுக்கு எழுதவில்லை என்பது அவன் பேசியதிலிருந்துதான் எனக்குத் தெரிந்தது.

"நைனா, சித்தப்பா, சின்னம்மா, அல்லாரும் நல்லா கீறீங்களா? கூடத்துல அல்லாரும் குந்திகினு பாப்பீங்க, எனக்குத் தெரியும். யோவ் சித்தப்பா, நீ முன்னால குந்திகினு அம்மாவுக்கு மறைச்சிகினு இருப்ப. கொஞ்சம் நகுந்து குந்துய்யா."

மாசிலாமணி சடாரென்று நகர்ந்து உட்கார்ந்தார்.

முதலில் சிரித்தது அறை வாசலுக்கு வந்து நின்ற அண்ணன்தான். அப்புறம் கூடம் முழுக்கச் சிரித்தது. தம்பி சிரித்தாரா அழுதாரா என்று முதுகுப் பக்கமிருந்து எனக்குத் தெரியவில்லை. தோள் இரண்டும் குலுங்கின. கேசட் முடிந்ததும் அண்ணன் உள்ளே போய்க் குரல் கொடுத்தார்: "சுத்தி வுடட்டுமாடா?" தம்பி, "வுடு" என்றார். அன்றைக்கு அந்த ஊரில் படத்தின் முடிவை யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

மறுநாள் மேஸ்திரி வந்திருக்கிறார். வந்தவரைச் சும்மா அனுப்பவேண்டாமென்று மாட்டுக் கொட்டகைக்குத் தரை போடச் சொன்னார்களாம். சமையல் அதற்குப் பிறகும் தனித்தனிதான், நிலமும் தனித்தனிதான். பேச்சு மட்டும் ஒன்றாகிவிட்டது. அது வந்த பிறகு ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளவும் நேரடியாகவே முடிந்ததால் வந்து போகிறவர்களுக்கு நிம்மதி.

இந்தத் தொழிலில் இருக்கும் பிள்ளைகளுக்கு இரண்டு விஷயம் சொல்லவேண்டும். முதலாவது, ஸ்டேஷன் ஓடும் நேரத்தில்தான் ஆன்டெனாவை டெஸ்ட் செய்யவேண்டும். இரண்டாவது, கம்ப்ளைன்ட் சொல்ல வருகிறவர் பேசி முடிக்கும் வரை பேனாவைத் திறக்காதீர்கள். அந்த மனுஷன் ஒரு சித்தப்பாவாக வந்து கால் மணி நேரம் என்னிடம் பேசினார். நான் அவரை ஒரு வரியில் எழுதிப் போட்டேன். அவருக்கு வேண்டியதை நான் செய்து கொடுக்கவே இல்லை, அவரே எழுந்து போய்ச் செய்துகொண்டார். அதற்குப் பிறகு வேலை செய்த முப்பது வருஷத்தில், ஒரு வீட்டுக்குப் போனால் டிவியைத் திருப்பிப் பார்ப்பதற்கு முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்து அவர்களைப் பேசவிடுவேன். மெதுவாக வேலை செய்கிறவன் என்று எனக்கு ஒரு பெயர் வந்தது. வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டேன்.